வெளுக்காத நீலச்சட்டை

அந்தப் பெண் அரசாங்கக் கணக்குத் தணிக்கை அலுவலகத்துக்கு வந்தபோது, வாசலில் இருந்த காவலாளி அவளைத் திருப்பி அனுப்பத்தான் பார்த்தார். அங்கே பொதுமக்கள் வருவதில்லை. மற்ற அலுவலகங்களிலிருந்து தணிக்கைக் கேள்விகளுக்குப் பதில்கள் வரும். அவையும் நினைவூட்டினால்தான் வரும். ஆனால் அவள் உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். மடியில் ஒரு துணிப்பை. யாராவது பேசும்வரை எழுந்திருக்கப் போவதில்லை என்பது அவள் உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது.

பேசப் போனவர் எக்ஸ்பிரஸ். இளநிலைத் தணிக்கையாளர், வாயைத் திறந்தால் எந்த நிறுத்தத்திலும் நிற்காமல் பேசுவதால் அலுவலகம் வைத்த பெயர் அது. அவள் சொன்னதைக் கேட்ட பிறகு, அவருக்கே பேச்சு வரவில்லை. அவளை நேராக மாடிக்கு அழைத்துப் போய் முதுநிலை ஆய்வாளரின் மேசைக்கு முன்னால் உட்கார வைத்தார்.

ஆய்வாளர் அம்மாளுக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு, சல்லடை. எதைக் கொடுத்தாலும் சலித்துத்தான் கீழே விடுவார் என்பதால் முதுகுக்குப் பின்னால் வைத்தது. அது அவருக்கும் தெரியும். அதற்கெல்லாம் அவர் கோபப்பட்டதில்லை. கோபத்தை வேறு விஷயங்களுக்காகச் சேர்த்து வைத்திருந்தார்.

வந்தவள் தன் கதையைச் சுருக்கமாகச் சொன்னாள். ஊரில் சாக்கடை பொங்கிய தாழ்வான தெருக்களில் வாந்திபேதி பரவியதை எல்லாரும் செய்தியில் பார்த்திருந்தார்கள். அதில் அவளுடைய ஒரே மகன் இறந்துபோனான். ஆஸ்பத்திரியில் இன்னும் பலர் படுத்திருந்தார்கள். வீட்டுக் குழாய்த் தண்ணீரைச் சோதித்தபோது அதில் கிருமியைக் கொல்லும் மருந்து, அதாவது பிளீச்சிங் பவுடர், துளிக்கூட இல்லை. நீரேற்று நிலையத்தில் தினமும் அதைக் கலக்க வேண்டிய பம்ப் ஆபரேட்டரைப் போலீஸ் கைது செய்துவிட்டது. அந்த ஆபரேட்டர் அவளுடைய உடன்பிறந்த தம்பி. கணவன் விட்டுப் போன நாளிலிருந்து அவளும் மகனும் தம்பி வீட்டில்தான் இருந்தார்கள்.

"என் தம்பிக்காகப் பரிஞ்சு பேச வரலைங்க," என்றாள் அவள். "அவன் மருந்து போடாம என் பையனைக் கொன்னிருந்தா, உள்ளேயே கிடக்கட்டும். போட்டிருந்தா, வேற யாரோ கொன்னிருக்காங்க. ரெண்டுல எதுன்னு எனக்குத் தெரியணும்."

போலீஸ் நிலையத்தில் கேட்டால் இன்ஜினியரைக் கேள் என்றார்களாம். இன்ஜினியரைக் கேட்டால் போலீஸைக் கேள் என்றாராம். அரசாங்கத்தையே கேள்வி கேட்கிற ஆபீஸ் ஒன்று இருக்கிறது என்று ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி சொல்லித்தான் இங்கே வந்திருக்கிறாள்.

பையில் என்ன என்று சல்லடை கேட்டார். தம்பியின் சீருடைச் சட்டை. மாற்றுத்துணி கேட்டார்களே என்று எடுத்துப் போனாள். சீருடை கூடாது என்று காவலர்கள் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். சல்லடை அதை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பிடித்தார். காலர் நைந்திருந்தது. முழங்கை தேய்ந்திருந்தது. ஆனால் நிறம் மட்டும் கழுத்திலிருந்து விளிம்புவரை ஒரே மாதிரி அடர்நீலமாக இருந்தது.

"இதை எவ்வளவு நாளா போடறார்?"

"வேலைக்குச் சேர்ந்ததிலேர்ந்து. நான்தான் துவைக்கிறேன்."

"வேலை முடிஞ்சு வரும்போது இது எப்படி இருக்கும்?"

"மாவு மெஷின்ல நின்னவன் மாதிரி வெள்ளையா வருவான். வெளியிலேயே நிக்கவெச்சு உதறிட்டுத்தான் உள்ள விடுவேன்." அவள் சட்டையைப் பார்த்தாள். "அந்த வாரமும் உதறினேங்க. பையனுக்கு முடியாமப் போன அன்னைக்குக் காலையிலயும் உதறினேன்."

அதைச் சொன்ன பிறகுதான், தான் என்ன சொல்லியிருக்கிறோம் என்று அவளுக்கே உறைத்ததுபோல் இருந்தது. ஆனாலும் அவள் முகம் இளகவில்லை. கூடப் பிறந்தவனுக்குச் சாதகமாக ஒரு வார்த்தை தன் வாயிலிருந்து விழுந்ததற்காகவே தன்மேல் கோபப்பட்டாள் போலிருந்தது.

மேலே பிரிவுத் தலைவர் இதை விரும்பவில்லை. இது போலீஸ் வேலை, நமக்கெதற்கு வம்பு, நம்முடைய ஆண்டுத் திட்டத்தில் அந்த நீரேற்று நிலையமே இல்லை என்றார். மருந்தை வாங்கியது அரசாங்கம். வாங்கியது மருந்துதானா என்று பார்ப்பது நம் வேலை, திட்டத்தில் இல்லையென்றால் இப்போது சேர்த்துக்கொள்ளுங்கள் என்று சல்லடை பதில் சொன்னார். அவர் குரல் உயரவில்லை. கோபம் வந்தால் அந்த அம்மாளின் பேச்சு மெதுவாகிவிடும் என்பது பிரிவுத் தலைவருக்குத் தெரியும். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

அன்றே இருவரும் அலுவலக ஜீப்பில் நீரேற்று நிலையத்துக்குப் போனார்கள். வழியெல்லாம் எக்ஸ்பிரஸ் தன் ஊகங்களை அடுக்கிக்கொண்டே வந்தார். ஆபரேட்டர் மருந்தை வெளியில் விற்றிருப்பான் என்றார். கொஞ்சம் தள்ளிப் போனதும், இல்லை, ஸ்டோர்கீப்பர்தான் விற்றிருப்பான் என்றார். சல்லடை மடியில் இருந்த நீலச்சட்டையையே பார்த்துக்கொண்டு வந்தார்.

இன்ஜினியர் அவர்களை நல்லபடியாகவே வரவேற்றார். வெள்ளைச் சட்டை, மேசைமேல் கண்ணாடி, கண்ணாடிக்கு அடியில் சாமான்ய மனிதர்கள் யாரும் வாங்காத கார் ஒன்றின் படம். அட்டெண்டர் இரண்டு டம்ளர்களில் தண்ணீர் கொண்டு வந்து வைத்தார். அவருடைய காக்கி பேண்ட்டில் முழங்காலுக்குக் கீழே வெளிறிய திட்டுகள், தேசப்படத்தில் தீவுகள் மாதிரி. பெயிண்ட் அடிக்கிற இடத்தில் உட்கார்ந்துவிட்டார் போல என்று எக்ஸ்பிரஸ் காதோடு சொன்னார். சல்லடை டம்ளரை எடுத்தார். உதட்டருகே கொண்டு போனவர், குடிக்காமல் முகர்ந்து பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். நீச்சல் குளத்து வாசனை.

இன்ஜினியர் வருத்தத்தோடுதான் பேசினார். ஆபரேட்டர் சோம்பேறி, தகராறு பிடித்தவன் அல்ல, ஆனால் சோம்பேறி. அந்த வாரம் முழுக்க அவன் மருந்தே போடவில்லை. இங்கே வேறு ஒரு குறையும் கிடையாது. தரமான மருந்து வாங்கியிருக்கிறோம். தண்ணீரைத் தினமும் சோதிக்கிறோம்.

எங்கே சோதிப்பீர்கள் என்று சல்லடை கேட்டார். இன்ஜினியர் எழுந்து ஜன்னல் வழியாகக் காட்டினார். அலுவலக வாசலில், சிமெண்ட் தொட்டிக்கு மேலே ஒரு பித்தளைக் குழாய்.

"எல்லா அலுவலகத்துலயும் மாசத்துக்கு ஒருமுறைதான் பார்ப்பாங்க மேடம். நாங்க தினமும் பார்க்கிறோம். நான் பொறுப்பேத்த நாளிலேர்ந்து ஒரு நாள்கூட இந்தக் குழாய்ல மருந்து அளவு குறைஞ்சதில்லை. நீங்க யாரை வேணா கேளுங்க."

எக்ஸ்பிரஸ் அதைக் கடமையாகக் குறித்துக்கொண்டார். சல்லடை தலையசைத்துவிட்டு, ஸ்டோரைப் பார்க்க வேண்டும் என்றார்.

ஸ்டோர் என்பது கட்டடத்தின் பின்புறம் ஜன்னலில்லாத ஒரு அறை. ஸ்டோர்கீப்பர், குண்டான மனிதர், சாவிக்கொத்தோடு மூச்சு வாங்க வந்தார். உள்ளே சுவரோரமாக மூடிய டிரம்கள். ஒவ்வொன்றிலும் பிளீச்சிங் பவுடர் என்ற எழுத்து. டிரம்களுக்கு நடுவே ஒரு பாய், தலையணை, சின்ன மின்விசிறி. எக்ஸ்பிரஸ் அதைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். ஸ்டோர்கீப்பர் கூச்சத்தோடு ஒத்துக்கொண்டார். மதியம் சாப்பிட்டுவிட்டு இங்கேதான் கொஞ்சம் கண்ணயர்வது. வெளியே ஒரே வெக்கை.

"மருந்து நெடி தாங்குமா?"

"இது புது ரகம்மா. நெடி வராதுன்னு இன்ஜினியர் சாரே சொன்னார். முன்னாடி வந்ததெல்லாம் கிட்டேயே போக முடியாது."

சல்லடை அறையைச் சுற்றி வந்தார். கதவின் இரும்புக் கீலை விரலால் தடவினார். எண்ணெய்ப் பிசுக்குதான் விரலில் ஒட்டியது. சுவரில் தொங்கிய காலண்டரில் ரோஜாப்பூ இன்னும் ரத்தச் சிவப்பாக இருந்தது. ஒரு டிரம்மைத் திறக்கச் சொல்லி, உள்ளே இருந்த வெள்ளைத் தூளில் ஒரு பிடி அள்ளிக் காகிதத்தில் மடித்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் எக்ஸ்பிரஸால் பொறுக்க முடியவில்லை. ஸ்டோர்கீப்பர்தான் மேடம், பக்கத்திலேயே படுத்துக் காவல் காக்கிறான் பாருங்க என்றார். திருட்டு மருந்தை வைத்திருப்பவன் அதன் நடுவே பாய் விரித்துப் படுத்திருப்பதை நமக்கே காட்டுவானா என்று சல்லடை திருப்பிக் கேட்டார். பிறகு அலுவலகக் கட்டடத்தின் மொட்டைமாடியைக் காட்டி, அங்கே தெரிகிற சின்னத் தொட்டியிலிருந்துதான் வாசல் குழாய்க்குத் தண்ணீர் வருகிறதா பாருங்கள் என்றார்.

எக்ஸ்பிரஸ் இரும்பு ஏணியில் ஏறினார். பாதி உயரம்வரை ஏணி நன்றாக இருந்தது. தொட்டியருகே போகப் போக இரும்பு பொரிந்து உதிர்ந்தது. மூடியின் கீல் துருப்பிடித்துப் பாதி கரைந்திருந்தது. இறங்கி வந்தபோது அவருடைய உள்ளங்கைகள் செங்கல் நிறத்தில் இருந்தன. தொட்டியிலிருந்து இரண்டு குழாய்கள் கிளம்புவதாகச் சொன்னார். ஒன்று அலுவலகத்துக்கும் வாசலுக்கும். இன்னொன்று மதிலோரமாக உள்ள இன்ஜினியரின் அரசுக் குடியிருப்புக்கு.

அதைக் கேட்டதும் சல்லடை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நெடுநேரம் துடைத்துக்கொண்டே இருந்தார். மறுபடியும் போட்டுக்கொண்டபோது, போலீஸ் இன்ஸ்பெக்டரையும் குடிநீர் வாரியத்தின் மேலதிகாரியையும் உடனே இங்கே வரவழைக்கச் சொன்னார். இறந்த பையனின் அம்மாவையும் ஜீப்பை அனுப்பி அழைத்து வரச் சொன்னார். அவள் எதற்கு என்று எக்ஸ்பிரஸ் கேட்டார். கேள்வி அவளுடையது, பதிலும் அவள் முன்னால்தான் சொல்லப்பட வேண்டும் என்றார்.

எல்லாரும் இன்ஜினியரின் அறையில் கூடினார்கள். இன்ஸ்பெக்டர் சலிப்போடு உட்கார்ந்தார். மேலதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். ஸ்டோர்கீப்பரும் அட்டெண்டரும் சுவரோரம் நின்றார்கள். அந்தப் பெண்ணுக்கு நாற்காலி போட்டும் உட்காரவில்லை.

"முதல்ல மெயின் வால்வை மூடுங்க," என்றார் சல்லடை. "அப்புறம் பேசறேன்."

ஊருக்கே தண்ணீர் நின்றுபோகும், பீதி கிளம்பும் என்றார் மேலதிகாரி. ஒரு கூட்டம் போட்டு முடிவெடுக்கலாம் என்றார்.

"இப்போ நாம பேசிக்கிட்டிருக்கும்போதே அந்தத் தண்ணி வீடுகளுக்குப் போயிட்டிருக்கு. இந்த நிமிஷம் ஏதோ ஒரு வீட்ல ஒரு குழந்தை குடிச்சிட்டிருக்கு. நீங்க கூட்டம் போடுங்க. வால்வை மூடிட்டுப் போடுங்க."

இன்ஸ்பெக்டர் ஸ்டோர்கீப்பரைப் பார்த்து, போய் மூடுய்யா என்றார். அந்தக் குண்டு மனிதர் ஓடியதை அதற்கு முன்பு யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

அவர் திரும்பி வந்த பிறகுதான் சல்லடை ஆரம்பித்தார். இரண்டு கிண்ணங்களில் தண்ணீர் வைக்கச் சொன்னார். ஒன்றில் ஸ்டோர் டிரம்மில் எடுத்த தூளைப் போட்டார். பிறகு அட்டெண்டரைப் பார்த்து, மாடித் தொட்டிக்குப் போடுகிற டப்பாவை எடுத்து வாருங்கள் என்றார். அட்டெண்டர் இன்ஜினியரைப் பார்த்தார். இன்ஜினியர் மேசையைப் பார்த்தார். டப்பா வந்தது. மூடியைத் திறந்ததுமே இன்ஸ்பெக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டார். இரண்டாவது கிண்ணத்தில் அந்தத் தூள் விழுந்தது.

துணி ஏதாவது வேண்டும் என்றார் சல்லடை. எக்ஸ்பிரஸ் சட்டைப் பையிலிருந்து பச்சைக் கைக்குட்டையை எடுத்தார். மனைவி பிறந்த நாளுக்கு வாங்கிக் கொடுத்தது என்று சொல்ல வாயெடுத்தவர், அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் நீட்டினார். சல்லடை அதை இரண்டாகக் கிழித்து, கிண்ணத்துக்கு ஒன்றாகப் போட்டார்.

"இந்த நிலையத்துல ரெண்டு பேர் வெள்ளைத் தூளைக் கையாண்டிருக்காங்க," என்று அவர் நீலச்சட்டையை மேசைமேல் விரித்தார். "ஒருத்தர் ஆபரேட்டர். தினமும் தூள்ல குளிச்சிட்டு வீட்டுக்குப் போவார்னு அவருடைய அக்காவே சொல்றாங்க. அவர்மேல இரக்கப்பட்டுச் சொல்லலை. அப்படின்னா அவர் தூளைப் போடாம இல்லை. ஆனா அது பிளீச்சிங் பவுடரா இருந்தா, இந்தச் சட்டை என்னைக்கோ திட்டுத் திட்டா வெளுத்திருக்கணும். ஒரு பொட்டுகூட வெளுக்கலை. ஸ்டோர்லயும் அப்படித்தான். கீல் துருப்பிடிக்கலை, காலண்டர்ல பூ வெளிறலை, டிரம் நடுவுல மனுஷன் நிம்மதியாத் தூங்கறார். அந்த டிரம்ல இருக்கிறது மருந்தே இல்லை. மருந்து விலைக்கு வாங்கின வெறும் சுண்ணாம்பு."

ஸ்டோர்கீப்பர் சுவரில் சாய்ந்துகொண்டார்.

"அப்போ சப்ளை பண்ணவன் ஏமாத்திட்டான்," என்றார் இன்ஜினியர். குரல் நிதானமாகத்தான் இருந்தது. "நானும் ஏமாந்திருக்கேன் மேடம்."

"ஏமாந்திருந்தா இந்த வாசல் குழாய்லயும் மருந்து இருந்திருக்காது." சல்லடையின் பேச்சு இன்னும் மெதுவாகியது. "ஆபரேட்டர் அந்த வாரம் முழுக்க மருந்தே போடலைன்னு சொன்னீங்க. ஒரு நாள்கூட இந்தக் குழாய்ல அளவு குறையலைன்னும் நீங்களேதான் சொன்னீங்க. அவர் போடலைன்னா, அந்த வாரம் இந்தக் குழாய்க்கு மருந்து எங்கேர்ந்து வந்தது?"

சல்லடை அட்டெண்டரின் பேண்ட்டைக் காட்டினார். டம்ளரில் தண்ணீர் கொண்டு வருவது மட்டும்தான் வேலையென்றால் அது ஏன் இப்படி வெளுக்க வேண்டும் என்று கேட்டார். ஏணி ஏன் உச்சியில் மட்டும் பொரிய வேண்டும் என்றும் கேட்டார்.

அட்டெண்டர் அழுதுவிட்டார். தொட்டி சுத்தமாக இருக்க வேண்டும், தினமும் ஒரு கரண்டி போடு, டப்பாவைப் பூட்டி வை என்று சார்தான் கொடுத்தார் என்றார். சார் வீட்டுக்கும் அந்தத் தண்ணீர்தான் போகிறது, அதனால் மறக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார். ஒரு நாளும் மறக்கவில்லை.

கிண்ணங்களிலிருந்து கைக்குட்டைத் துண்டுகளை எக்ஸ்பிரஸ் வெளியே எடுத்தார். ஒன்று பச்சையாகவே இருந்தது. இன்னொன்று ஓரங்களில் மஞ்சளாகி வெளுக்கத் தொடங்கியிருந்தது. அதைப் பார்க்க யாருக்கும் பொறுமை இல்லை. எல்லாரும் அந்தப் பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் இன்ஜினியரின் மேசையருகே வந்திருந்தாள்.

"உங்க வீட்டுத் தண்ணிக்கு மட்டும் மருந்து போடணும்னு எப்போ தோணுச்சு?"

இன்ஜினியர் மேலதிகாரியைப் பார்த்தார். உதவி வரவில்லை. இன்ஸ்பெக்டர், கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க என்றார்.

"முன்னாடி இருந்த ஆபரேட்டர் நெடி இல்லைன்னு வந்து சொன்னான்," என்றார் இன்ஜினியர், தரையைப் பார்த்தபடி. "அப்போ."

அந்த ஆபரேட்டரை அதே மாதம் வேறு ஊருக்கு மாற்றியதை ஸ்டோர்கீப்பர் சொன்னார். அவருடைய இடத்துக்குத்தான் இவள் தம்பி வந்தான். புதியவனிடம், இது நெடி வராத ரகம் என்று முதல் நாளே சொல்லியாயிற்று.

அவள் மனதுக்குள் ஏதோ கணக்குப் போட்டாள். "அப்போ என் பையன் பள்ளிக்கூடத்துல சேர்ந்த புதுசு," என்றாள். அவ்வளவு நாளும் அவன் குடித்த ஒவ்வொரு டம்ளரும் அவள் கையால் கொடுத்தது. அவள் கை ஓங்கி இன்ஜினியரின் கன்னத்தில் இறங்கியது. இன்ஸ்பெக்டர் தடுப்பதற்காக எழுந்தார், ஆனால் அவசரப்படவில்லை.

இன்ஜினியரைப் போலீஸ் ஜீப்பில் ஏற்றிய பிறகு மேலதிகாரி சல்லடையைத் தனியே அழைத்துப் பேசினார். அறிக்கையில் இதை நடைமுறைக் குறைபாடு என்று எழுதினால் நன்றாக இருக்கும். வாரியம் உரிய பதிலை அனுப்பிவிடும். சாவு என்ற சொல் தணிக்கை மொழியில் வழக்கமில்லையே என்றார்.

"வழக்கம் இருந்திருந்தா நீங்க முன்னாடியே பயந்திருப்பீங்க," என்றார் சல்லடை. "ஒரு பையன் செத்தான்னுதான் முதல் வரியிலேயே வரும். பதில் அனுப்புங்க. அதையும் சலிக்கிறேன்."

அன்று சாயங்காலம் தாழ்வான தெருக்களில் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஒன்று சுற்றியது. குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள், லாரியில் நல்ல தண்ணீர் வருகிறது என்று மூச்சுவிடாமல் அறிவித்தது எக்ஸ்பிரஸின் குரல்தான். தொண்டை கட்டியும் அவர் நிறுத்தவில்லை.

தம்பி வெளியே வந்தான். அக்கா அவனோடு பேசவில்லை. சோறு போட்டாள், துணி துவைத்தாள், பேசவில்லை. அவன் மருந்தென்று நம்பித்தான் போட்டிருக்கிறான் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அந்தத் தூளைத் தண்ணீரில் கொட்டியது அவன் கைதான். அதை அவனும் மறக்கவில்லை. வேலைக்குத் திரும்பச் சொல்லி ஆணை வந்தபோது போக மாட்டேன் என்று சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். வேறு யார் போட்டாலும் எனக்கு நம்பிக்கை வராது என்று அக்காதான் வாயைத் திறந்தாள். அவ்வளவுதான் சொன்னாள். அவன் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டான்.

புதிய டிரம்கள் இறங்கிய காலையில் அவளும் நீரேற்று நிலையத்துக்குப் போனாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை. தம்பி முதல் டிரம்மின் மூடியை நெம்பித் திறந்தான். உள்ளேயிருந்து கிளம்பிய நெடி அவனை முகத்தில் அறைந்து பின்னால் தள்ளியது. மூச்சு முட்டியது, கண்ணிலிருந்தும் மூக்கிலிருந்தும் தண்ணீர் கொட்டியது. தடுமாறிப் போய்ப் படியில் உட்கார்ந்தான்.

"இப்படியா இருக்கும்?" என்றான். "அக்கா, இது இப்படியா இருக்கும்? எனக்குத் தெரியவே தெரியாதே."

அவன் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினான். அவள் கண்களும் எரிந்து வழிந்தன. முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து, கீழே கிடந்த கரண்டியை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

"எழுந்திரு. போடு," என்றாள். "ஊரு தண்ணிக்குக் காத்திருக்கு."